சகாகவியா வழி முழுவதும் காட்டினாரா?

அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் குழுவைப் பசிபிக் கடல்வரை வழிகாட்டி அழைத்துப் போனவர் ஷோஷோனி பழங்குடிப் பெண் சகாகவியா என்ற தகவலை இங்கே பலரும் பகிர்கிறீர்கள். மன்னிக்கவும், அது சரியல்ல. 1804 மே மாதம் கிளம்பிய குழு, மிசூரி ஆற்றில் பல மாதம் ஏறி மாண்டன் பழங்குடியினரின் ஊர்களை அடைந்த பிறகுதான் அவரைச் சந்தித்தது. அவரைச் சேர்த்துக்கொண்டது மொழிபெயர்ப்புக்காக. மலைப்பகுதி ஷோஷோனி மக்களிடம் குதிரை வாங்க வேண்டியிருந்தது. ஷோஷோனி மொழிதான் சகாகவியாவின் தாய்மொழி. 2 மாதம்கூட நிறையாத கைக்குழந்தையோடு கிளம்பினார், பாவம். பிட்டர்ரூட் மலையைத் தாண்ட வழிகாட்டியவர் டோபி என்ற ஷோஷோனி முதியவர்.

நீங்களே சரிபார்க்கலாம். பயணக் குறிப்பேடுகளை நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, தேதிவாரியாக. 1805 ஆகஸ்ட் 8ஐத் திறந்தால், சகாகவியா ஒரு குன்றைக் காட்டி, 'இதை எங்கள் மக்கள் பீவர் தலை என்பார்கள், அவர்களுடைய கோடைக்கால இடம் பக்கம்தான்' என்கிறார். 1806 ஜூலை 13இல், திரும்பும் வழியில், தெற்கே உள்ள கணவாயைச் சொல்கிறார். அந்தப் பகுதியில் அவர் தனக்கு வழிகாட்டியாக மிகவும் உதவியதாகக் கிளார்க்கே எழுதுகிறார். அப்படியே 1805 செப்டம்பர் பக்கங்களையும் படியுங்கள்; மலையில் முன்னால் நடப்பது அந்த முதியவர்தான்.