பீல் எழுதாத ஒன்பது விதிகள்

ஓர் அண்ணன் பகிர்ந்த அந்தப் படத்துக்குக் கீழே நேற்று நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெரியும். லண்டன் போலீசைத் தொடங்கிய பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீலின் முகம், பக்கத்தில் போலீஸ் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற ஒன்பது விதிகள், மேலே 1829 என்று ஆண்டு. நான் அங்கே எழுதியது இரண்டே வரி: இந்த ஒன்பதையும் பீல் எழுதவில்லை, இவை 1829-இல் எழுதப்பட்டவையும் இல்லை. அதற்கு என்னென்ன பதில்கள்! எதிலும் குறை காண்பவன், நல்ல விஷயம் பரவினால் பொறுக்காதவன், கடைசியில் "போலீஸ்காரர் மகன்தானே, வேறென்ன பேசுவார்" என்று ஒருவர். முதல் இரண்டையும் விட்டுவிடுகிறேன். மூன்றாவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அந்த ஒன்பது விதிகளை இன்றைய வடிவத்தில் வரிசைப்படுத்தியவர் சார்ல்ஸ் ரீத் என்ற வரலாற்றாசிரியர். அது 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. பீல் இறந்தது 1850-இல். 1829-இல் உண்மையிலேயே எழுதப்பட்டவை லண்டன் பெருநகரப் போலீசின் முதல் இரண்டு ஆணையர்கள் தந்த பொது உத்தரவுகள். ஒருவர் சார்ல்ஸ் ரோவன், வாட்டர்லூவில் போரிட்ட ராணுவ அதிகாரி. மற்றவர் ரிச்சர்ட் மேய்ன், அயர்லாந்து வழக்கறிஞர். குற்றம் நடக்காமல் தடுப்பதுதான் முதல் வேலை, எந்த வகுப்பைச் சேர்ந்தவரானாலும் மரியாதையாகப் பேச வேண்டும், எவ்வளவு சீண்டினாலும் கோபத்தை அடக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல உத்தரவுகள்தான். அதை நான் மறுக்கவே இல்லை.

"யார் எழுதினால் என்ன, கருத்து நல்லதுதானே?" என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி, அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். அறிவாளி அமைச்சர் ஒருவர் உட்கார்ந்து ஒன்பது விதி எழுதினார், போலீஸ் நல்லவர்களாகிவிட்டார்கள், மக்கள் அன்போடு ஏற்றுக்கொண்டார்கள் என்று அந்தப் படம் சொல்கிறது. நடந்தது அதற்கு நேர் எதிர். லண்டன் போலீஸ் கொஞ்சமாவது கண்ணியமாக நடந்துகொண்டது என்றால், மக்கள் அவர்களை நம்பாமல் ஒவ்வொரு அடியையும் கண்காணித்ததால்தான். யாரும் மேலிருந்து அருளியது இல்லை அது.

1829 செப்டம்பர் 29 அன்று மாலை அவர்கள் முதன்முதலாகத் தெருவில் இறங்கினார்கள். நீலக் கோட்டு, உயரமான தொப்பி, கோட்டுக்குள் ஒரு தடி, ஆள் கூப்பிட ஒரு மரக் கிலுகிலுப்பை. விசில் வந்ததெல்லாம் 1880-களில். தெருவில் அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'நீலப் பிசாசுகள்'. பிரான்சில் உளவு போலீஸ் செய்ததைக் கேள்விப்பட்டிருந்த மக்கள், இதுவும் அரசாங்கத்தின் ஒற்றர் படைதான் என்று நினைத்தார்கள். வரி கட்டியவர்களுக்கு வேறு எரிச்சல். சொத்து மதிப்பில் பவுனுக்கு எட்டு பென்ஸ் வரை போலீஸ் வரி, ஆனால் நிர்வாகத்தில் உள்ளூர்ச் சபைகளுக்குப் பேச்சே இல்லை, எல்லாம் உள்துறை அமைச்சர் கையில்.

சேர்ந்தவர்களாவது தங்கினார்களா? முதல் நாளே போதையில் வந்து வேலை இழந்தவர்கள் உண்டு. 1830 மே மாதம் பணியில் இருந்தவர்கள் சுமார் 2,800 பேர். நான்கு ஆண்டு கழித்து அவர்களில் மிஞ்சியவர்கள் 600-க்கும் குறைவு. மற்றவர்கள் விலகினார்கள் அல்லது விலக்கப்பட்டார்கள், பெரும்பாலும் குடிதான் காரணம். ரோவனும் மேய்னும் ஈவிரக்கமில்லாமல் ஆட்களைக் கழித்தார்கள். ஏன்? ஒவ்வொரு தவறையும் பத்திரிகைகளும் நாடாளுமன்றமும் பிடித்துக்கொள்ளும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. திரும்பவும் சொல்கிறேன், பயம். படத்தில் இருக்கும் பொன்மொழி இல்லை.

1833-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ஒரே ஆண்டு போதும். மே மாதம் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் தொழிலாளர்கள் வாக்குரிமைக்காகக் கூட்டம் போட்டார்கள். போலீஸ் தடியோடு புகுந்தது. அந்தக் கலவரத்தில் ராபர்ட் கல்லி என்ற கான்ஸ்டபிள் கத்திக்குத்தில் இறந்தார். மரண விசாரணையில் அந்தப் பகுதிக் கடைக்காரர்களும் வியாபாரிகளும் ஜூரிகளாக உட்கார்ந்தார்கள். என்ன தீர்ப்புத் தெரியுமா? நியாயமான கொலை! கூட்டத்தைக் கலைந்து போகச் சொல்லி முறைப்படி அறிவிக்கவில்லை, போலீஸ் மூர்க்கமாக நடந்துகொண்டது என்று காரணம் சொன்னார்கள். மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனாலும் ஊர் அந்த ஜூரிகளைக் கொண்டாடியது, அவர்கள் பெயரில் பதக்கம் அடித்தார்கள். அதே ஆண்டு போப்பே என்ற போலீஸ்காரர் சாதாரண உடையில் ஓர் அரசியல் சங்கத்துக்குள் உறுப்பினர் போலப் புகுந்து, மற்றவர்களை உசுப்பேற்றிக்கொண்டிருந்தது வெளியே வந்தது. நாடாளுமன்றக் குழு விசாரித்தது, அவர் வேலை போனது. அந்தக் கசப்பு எவ்வளவு ஆழம் என்றால், துப்பறியும் பிரிவு ஒன்றைத் தொடங்க 1842 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் எட்டே பேரோடு.

இதில் பீலின் ஒன்பது விதி எங்கே வந்தது? ஜூரி கேட்டது, பத்திரிகை கேட்டது, வரி கட்டியவன் கேட்டான், நாடாளுமன்றம் கேட்டது. இத்தனை பேர் கேட்ட பிறகுதான் விக்டோரியா காலத்தின் நடுவில் போலீஸ் ஓரளவு பழகிப்போனது. விக்டோரியா அரியணை ஏறிய பிறகும், 1840-இல் லங்காஷயரின் கோல்ன் ஊரில் புதுப் போலீசை எதிர்த்துக் கலவரமே நடந்திருக்கிறது. எல்லா மாவட்டங்களிலும் போலீஸ் கட்டாயம் என்று சட்டம் வந்தது 1856-இல்தான். 1829-இல் விளக்குப் போட்ட மாதிரி எதுவும் நடந்துவிடவில்லை.

"பீல் இல்லாவிட்டால் போலீசே இல்லை" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். சரி, சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். ஆனால் அதே பீல்தான் 1814-இல் அயர்லாந்தில் அமைதிக் காப்புப் படையை உருவாக்கியவர். அங்கே பின்னால் வளர்ந்த கான்ஸ்டபுலரி என்ற போலீஸ் படை துப்பாக்கி ஏந்தி, முகாம்களில் தங்கி, ராணுவம் போலவே நடந்தது. பிரிட்டன் தன் காலனிகளுக்குப் பெரும்பாலும் அனுப்பியது அந்தச் சாயலைத்தான். சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்கும் வாக்குமூலத்துக்கும் விரல்களைக் கட்டைக்குள் நசுக்கும் கிட்டி போட்டும், உடலை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாள் போட்டும் மக்களை வதைத்ததை 1855-இல் சித்திரவதை விசாரணைக் குழு ஆவணப்படுத்தியது. அதற்குப் பிறகுதான் 1859-இல் மதராஸ் போலீஸ் சட்டம், 1861-இல் இந்தியா முழுமைக்குமான சட்டம். லண்டன்காரனுக்கு இருந்த ஜூரியும் வாக்கும் இங்கே யாருக்கு இருந்தது? ஆக, கேள்வி கேட்க முடிந்த ஊரில் ஒரு போலீஸ், முடியாத ஊரில் வேறு போலீஸ். இதைச் சொன்னால் எனக்கு வெள்ளைக்காரன் மேல் வெறுப்பாம். அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை.

இப்போது அந்த மூன்றாவதுக்கு வருகிறேன். ஆமாம், என் அப்பா போலீஸ்காரர். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து ஏட்டாக ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸ் கிடைக்காத காலத்தில் வாடகைக்கு வீடு தேடினால், அப்பாவின் வேலை என்னவென்று தெரிந்ததும் பேச்சை மாற்றிவிடுவார்கள். தெருவில் "ஏட்டய்யா" என்று கும்பிடுவார்கள், வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். என் அக்கா நிச்சயதார்த்தத்துக்குப் பந்தோபஸ்து முடிந்து பந்தி எடுத்த பிறகு வந்து சேர்ந்தார், சட்டையெல்லாம் வியர்வை. திருவிழாவில் தாமதமாக நின்றதற்காக ஓர் அதிகாரி எல்லார் முன்னாலும் அவரைத் திட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. நான் அந்த வேலையைக் காப்பாற்றப் பேசுகிறேன் என்கிறீர்களா? போலீஸ் கண்காணிக்கப்பட வேண்டும் என்றுதானே பதிவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! ஆனால் அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்ததற்கு அப்பாவும் ஒரு காரணம். அதை மறைக்க மாட்டேன்.

ஏனென்றால் அந்தப் படத்தில் கான்ஸ்டபிள் இல்லை. வாரத்துக்கு 21 ஷில்லிங் சம்பளத்துக்கு இரவெல்லாம், மழையிலும் பனியிலும், வகுத்துக்கொடுத்த தெருக்களை அளந்த வேகத்தில் நடந்தவன் அவன்தான். தொடக்க காலத்தில் வேலை இல்லாத நேரத்திலும் சீருடையைக் கழற்றக் கூடாது. ரகசியமாக உளவு பார்க்கிறான் என்ற பேச்சு வரக் கூடாதாம். பணியில் இருக்கிறானா இல்லையா என்று தெரிய மணிக்கட்டில் ஒரு பட்டை. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை அவர்களுக்கு 1887-இல்தான் கிடைத்தது, போலீஸ் தொடங்கி ஏறக்குறைய 60 ஆண்டு கழித்து. 1872-இல் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்து பார்த்தார்கள், தண்டனைதான் கிடைத்தது. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்று சட்டம் வந்தது 1910-இல், விக்டோரியா இறந்து ஒன்பது ஆண்டுக்குப் பிறகு. எங்கள் அப்பாவுக்கு அந்த ஒரு நாளும் கடைசி வரை கிடைக்கவில்லை.

மக்கள் பக்கம் நின்று பார்த்தாலும் சரி, கான்ஸ்டபிள் பக்கம் நின்று பார்த்தாலும் சரி, கிடைத்த எதுவும் அமைச்சர் விதி எழுதியதால் கிடைக்கவில்லை. கேட்டதால் கிடைத்தது. அதுவும் தாமதமாக.

"இவ்வளவு பேசுகிறாயே, மாற்று என்ன?" என்று இன்றைக்கும் ஒருவர் கேட்பார். மாற்று எழுத நான் அமைச்சர் இல்லை. படத்தைப் பகிர்ந்த அண்ணனிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பதிவை நீக்க வேண்டாம், விதிகளும் அப்படியே இருக்கட்டும். பீலின் படத்தையும் 1829-ஐயும் மட்டும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ராபர்ட் கல்லியின் பெயரையும், அவர் சாவை நியாயம் என்று சொன்ன அந்த ஜூரியையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். அதற்குக் கீழே வந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுகிறேன். அப்பாவை மட்டும் இழுக்காதீர்கள்.