மைல் குறைவு என்பது சரி, வயசு?

"2002 போர்ஷே 911, 24,000 மைல்தான் ஓடியிருக்கிறது, புது வண்டிக்குச் சமம், சோதனையெல்லாம் தண்டச் செலவு" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம்.

அந்த வருட 911-ன் சாதாரண மாடலான கரேராவில் இருப்பது எம்96 எஞ்சின். அதன் ஐஎம்எஸ் பேரிங் (எஞ்சினுக்குள் சுழலும் இடைத் தண்டைத் தாங்கும் பேரிங்) உடைந்தால் எஞ்சினே போய்விடும். மைல் குறைவாக ஓடிய வண்டிக்கு இதில் விலக்கு கிடையாது. மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டியில் பழைய ஆயில் ஈரத்தோடு கிடப்பது பேரிங்குக்கு நல்லதும் இல்லை. (அதே காலத்து 911 டர்போ, ஜிடி3 மாடல்களில் வேறு எஞ்சின், இந்தத் தொல்லை இல்லை.) வாங்கும் முன் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், உலோகத் துகள் மின்னினால் திரும்பி வந்துவிடலாம். பேரிங் மாற்றியதற்குப் பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மாற்றவில்லை என்றால், கிளட்ச் மாற்றும்போது கியர்பாக்ஸை எப்படியும் இறக்குவார்கள், அப்போதே சேர்த்துச் செய்துகொள்ளலாம். அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

அப்புறம் டயர். பட்டன் தேயாமல் பளபளப்பாகத்தான் இருக்கும். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 0908 என்றால் 2008-ன் ஒன்பதாவது வாரம். அந்த ரப்பரை நம்பி வேகமாக ஓட்ட முடியாது. பிரேக் ஆயில், கூலன்ட் குழாய்களும் அப்படித்தான், ஓடாவிட்டாலும் வயசாகும்.

வருடாவருடம் சர்வீஸ் பில் உள்ள 70,000 மைல் வண்டி கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.