செவ்வாயைக் காலி செய்த சீசன்

'தி எக்ஸ்பான்ஸ்' என்ற விண்வெளித் தொடரின் நாலாவது சீசன் ஒரே லேக், மூணு முடிந்ததும் நேராக அஞ்சுக்குத் தாவிவிடுங்கள் என்று புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு அறிவுரை சொல்லும் கூட்டத்தின் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு வருத்தம். அதை இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன். ஆறு சீசன் கதையையும் கூச்சமில்லாமல் போட்டு உடைக்கப் போகிறேன், பார்க்காதவர்கள் இங்கேயே கழன்றுகொள்ளலாம்.

இந்த சீசன் வந்ததே பெரிய விஷயம். 2018 மே மாதம் சைஃபை சேனல் மூணு சீசனோடு கைகழுவியது. ரசிகர்கள் லட்சத்துக்கு மேல் கையெழுத்து திரட்டினார்கள், அமேசான் அலுவலகத்துக்கு மேலே பேனர் கட்டிய விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஜெஃப் பெசோஸே மேடையேறி, தொடரை எடுத்துக்கொண்டதாக அறிவித்தார். 2019 டிசம்பரில் பத்து எபிசோடும் மொத்தமாக வந்து இறங்கின. வந்த கொஞ்ச நாளிலேயே முனகலும் ஆரம்பித்தது: இதுக்கா இவ்வளவு போராட்டம்?

முனகியவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மூணாவது சீசன் முடியும்போது 1,300க்கும் மேற்பட்ட ரிங் கேட், அதாவது தொலைதூர விண்மீன்களுக்குப் போகும் வளைய வாசல்கள், திறந்துகொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கம் ஒரு சூரியக் குடும்பம். அடுத்த சீசனில் உலகம் உலகமாகச் சுற்றிக் காட்டுவார்கள் என்று வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தால், இலஸ் என்ற ஒரே ஒரு கிரகத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். கல், புழுதி, சாம்பல் நிற வானம். வியாழனின் நிலவான கேனிமீடிலிருந்து உயிர் தப்பி வந்து, எந்தத் துறைமுகமும் சேர்த்துக்கொள்ளாததால் அனுமதியில்லாமல் கேட்டைத் தாண்டிய பெல்ட்டர்கள் (விண்கல் பட்டையிலும் வெளிக்கோள்களின் நிலவுகளிலும் பிறந்து வளர்ந்தவர்கள்) அங்கே லித்தியம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். பூமியை ஆளும் ஐநாவிடம் உரிமம் வாங்கிய பூமிக் கம்பெனி ஒன்று பின்னாலேயே வந்து, இடம் எங்களுடையது என்கிறது. மனித இனம் விண்மீன்களைத் தொட்ட பிறகு நடக்கிற முதல் சம்பவம் ஒரு வாய்க்கால் வரப்புத் தகராறு. எனக்கு அது பிடித்திருந்தது. பலருக்குப் பிடிக்கவில்லை.

இலஸ் பகுதியிலும் ரசித்துப் பார்க்க நிறைய உண்டு. பிறந்ததிலிருந்து எடையில்லாமல் வளர்ந்த பெல்ட்டர் நயோமி, அந்த மண்ணில் காலூன்றி நிற்பதற்காக மாதக்கணக்கில் மருந்து எடுத்துப் பயிற்சி செய்கிறாள். கடைசியில் உடம்பு ஒத்துழைக்காமல் கப்பலுக்கே திரும்பிப் போகிறாள். கண்ணுக்குள் ஒரு நுண்ணுயிர் வளர்ந்து எல்லோரையும் குருடாக்கும்போது கதாநாயகன் ஹோல்டனை மட்டும் அது தொடாது. முதல் சீசனில் ஈரோஸ் என்ற விண்கல்லில் வாங்கிய கதிர்வீச்சுக்காக அவன் ஆயுள் முழுக்கச் சாப்பிடவேண்டிய புற்றுநோய் மருந்துதான் காரணம். மூணு சீசன் கழித்து ஒரு காயத்தை எடுத்துக் கதைக்குப் பயன்படுத்துகிறார்கள் பாருங்கள், அந்த ஒழுக்கத்துக்காகவே இந்தத் தொடரைக் கும்பிடலாம். கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி மர்ட்ரிதான் எனக்குச் சலிப்பு. பர்ன் கோர்மன் நல்ல நடிகர், ஆனால் முதல் காட்சியிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது, அதற்கப்புறம் பாத்திரத்தில் ஒரு வளைவும் இல்லை. ஹோல்டன் கப்பலின் ஏமோஸும் அவரும் ஒருத்தரை ஒருத்தர் எடைபோடும் காட்சிகள் மட்டும் தப்பித்தன.

ஆனால் லேக் என்று சொல்கிறவர்களும், இல்லை என்று வாதாடுகிறவர்களும் இலஸைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இந்த சீசனே செவ்வாயில்தான் நடக்கிறது.

இந்தத் தொடரில் செவ்வாய்க்காரர்கள் யார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்தச் சிவப்புக் கல்லுக்குக் காற்றும் நீரும் கொடுத்தே தீருவோம் என்று தலைமுறை தலைமுறையாக உழைக்கிறவர்கள். உழைக்கிற யாரும் அதைக் கண்ணால் பார்க்கப் போவதில்லை. தெரிந்தே உழைக்கிறார்கள். இரண்டாவது சீசன் தொடக்கத்தில் வெறும் பாறை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் செவ்வாய் ராணுவ வீராங்கனை பாபி டிரேப்பர் மனதுக்குள் அங்கே தண்ணீரையும் பச்சையையும் பார்ப்பாள். அவர்கள் ராணுவத்தின் முறுக்கு, பூமிக்காரர்கள் மேல் இருக்கும் இளக்காரம் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது அந்தக் கனவுதான். சும்மா கிடைத்த கடலையும் காற்றையும் நாசம் பண்ணிவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் என்றுதான் பூமியை அவர்கள் பார்க்கிறார்கள்.

நிஜ செவ்வாயை வைத்துப் பார்த்தால் அந்தக் கனவு எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் என்று புரியும். அங்கே காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இருக்கிற காற்றிலும் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. உருவாக்குகிற காற்றைச் சூரியக் காற்று அரித்துக்கொண்டு போகாமல் காக்க, கிரகம் முழுவதற்குமான காந்தப்புலமும் கிடையாது. அங்கே எட்டக்கூடிய கார்பன் டை ஆக்சைடு முழுவதையும் கிளப்பிவிட்டாலும் இன்றைய தொழில்நுட்பத்தால் செவ்வாயைப் பூமி மாதிரி ஆக்க முடியாது என்று 2018ல் ஜகோஸ்கியும் எட்வர்ட்ஸும் ஒரு ஆய்வுக் கட்டுரையில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அப்படிப்பட்ட ஒரு வேலைக்கு ஒரு சமூகமே தன்னை எழுதிக்கொடுத்திருக்கிறது.

இப்போது 1,300 கேட் திறக்கிறது. அந்தப் பக்கம் போய் ஹெல்மெட்டைக் கழற்றினால் மூச்சு விடலாம், காற்று ரெடியாக இருக்கிறது. இனி எவன் செவ்வாயில் உட்கார்ந்து பாறைக்குக் காற்று ஊதுவான்?

போரில் தோற்காத ஒரு தேசம், ஒரு குண்டுகூட விழாமல், தேவையில்லாமல் போய்விடுகிறது. விண்வெளிச் சண்டைகளை எத்தனையோ தொடர்கள் காட்டிவிட்டன. இந்த மாதிரி ஒரு சாவை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை. இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. மனிதர்களைச் சூரியக் குடும்பம் முழுக்கப் பரவவிட்ட எஞ்சினைச் செய்த சாலமன் எப்ஸ்டீன் ஒரு செவ்வாய்க்காரர். தான் செய்த எஞ்சினை அணைக்க முடியாமல், அதன் முடுக்கத்தில் இருக்கையோடு அழுந்தியே செத்துப்போவார், இரண்டாவது சீசனில் காட்டுவார்கள். ஊருக்கெல்லாம் தூரத்தைக் குறைத்துக் கொடுத்த கிரகம்தான் இப்போது காலியாகிறது.

அதை நாம் பாபியின் வாழ்க்கை வழியாகப் பார்க்கிறோம். பவர் ஆர்மர் என்ற எந்திரக் கவசத்தில் நின்றால் எதிரே எவனும் நிற்க முடியாதவள், இப்போது ராணுவத்திலிருந்து அவமானத்தோடு வெளியேற்றப்பட்டு, சகோதரன் வீட்டில் தங்கிக்கொண்டு, தன் கடற்படையின் கப்பல்களையே பிரித்துப்போடும் யார்டில் கூலி வேலை பார்க்கிறாள். அந்தச் சகோதரனின் மகன் டேவிட் போதைப்பொருள் கும்பலில் சிக்கிக்கொண்டிருக்கிறான். தெருவில் வேலையில்லாத முன்னாள் வீரர்கள். போலீஸ்காரன் ஒருவனே ராணுவச் சரக்கைத் திருடி விற்கிறான், பாபியையும் கூப்பிடுகிறான். முதலில் முறைக்கிறவள் பிறகு போகிறாள். பாபியாக வரும் ஃபிராங்கி ஆடம்ஸ் அந்த இடத்தில் வசனமே இல்லாமல் நடித்திருப்பார். தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், அவ்வளவுதான்.

எழுத்தாளர்கள் மேல் எனக்குக் கோபமும் இங்கேதான். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு சாதாரண கடத்தல் கும்பல் கதைக்குள் திணித்துவிட்டார்கள். கிடங்குக்குள் நுழைவது, திருடுவது, ஓடுவது என்று போலீஸ் தொடர்களில் பார்த்துச் சலித்த சமாச்சாரம். செவ்வாய் நாடாளுமன்றத்தில் என்ன பேசினார்கள்? டெராஃபார்மிங் வேலையில், அதாவது செவ்வாயைப் பூமி மாதிரி ஆக்கும் வேலையில், முப்பது வருஷம் கழித்த ஒரு பொறியாளர் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்? காட்டவே இல்லை. மர்ட்ரி முறைத்துக்கொண்டு நிற்கும் காட்சிகளில் பாதியை வெட்டி இங்கே கொடுத்திருந்தால் இன்றைக்கு யாரும் லேக் என்ற வார்த்தையை எடுத்திருக்க மாட்டார்கள்.

பூமியில் ஐநா தலைவர் அவசரலாவின் தேர்தலும் இதே பிரச்சினைதான். அந்தப் பக்கம் என்ன ஆபத்து இருக்கிறதோ என்று அவர் கேட்டைப் பூட்டி வைக்கப் பார்க்கிறார், வேலையில்லாமல் அரசு உதவியில் காலம் தள்ளுகிற மக்களுக்குக் கதவைத் திறக்கிறேன் என்று சொல்லி நான்சி காவ் ஜெயித்துவிடுகிறார். அவசரலா சொன்னது சரி, காவ் சொன்னதும் சரி. அவசரலாவாக வரும் ஷோரே அக்தாஷ்லூ தோற்றுப்போகிற முகத்தைக்கூட ராஜ கம்பீரமாக வைத்துக்கொள்கிறார். (அமேசானுக்கு வந்த பிறகு அவர் வாயில் கெட்ட வார்த்தைக்குப் பூட்டே கிடையாது, அதற்கும் பெசோஸுக்கு நன்றி.)

பெல்ட்டர்கள் கதை இதைவிட மோசம். கேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் ஈர்ப்புவிசை உள்ள கிரகங்கள். நயோமிக்கு நடந்ததுதான் அவர்களில் பெரும்பாலானவர்களுக்கும் நடக்கும். எல்லோரும் புது நிலத்துக்குப் போய்விட்டால் விண்கல் பட்டையில் ஐஸ் வெட்டுகிறவனை எவன் தேடுவான்? பெல்ட்டர் தீவிரவாதி மார்கோ இனாரோஸ் பேசுகிற பேச்சுக்குக் கைதட்டல் விழுவது இந்தப் பயத்தால்தான். பெல்ட்டர் கேப்டன் ஆஷ்ஃபோர்டுக்கு மட்டும் அவன் எவ்வளவு ஆபத்தானவன் என்று தெரிகிறது. பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தியபோதே முடித்துவிட வேண்டும் என்கிறார். இன்னொரு பெல்ட்டர் தலைவி டிரம்மர் அவனை உயிரோடு விடச் சொல்லி வாக்களிக்கிறாள். பிறகு அதே மார்கோ கையால் ஏர்லாக்கில் நிற்கும்போது ஆஷ்ஃபோர்டாக நடித்த டேவிட் ஸ்ட்ராதேர்ன் பாடிக்கொண்டே போகிறார். மூணாவது சீசனில் இந்த ஆளை எவ்வளவு வெறுத்தோம்! சாகப்போகிற நேரத்திலும் மார்கோவின் பேச்சைப் பதிவு செய்து விட்டுப் போயிருக்கிறார் என்பது தெரியும்போது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது.

கடைசிக் காட்சியில் மார்கோ அனுப்பிய பாறை பூமியை நோக்கிக் கிளம்புகிறது. அஞ்சாவது சீசனில் அது விழுவதைத்தான் எல்லோரும் ஆஹா ஓஹோ என்கிறார்கள். அந்தப் பாறைகளை ரேடார் கண்ணிலிருந்து மறைத்தது செவ்வாயின் ஸ்டெல்த் பூச்சு. மார்கோவின் போர்க்கப்பல்கள் செவ்வாயின் கப்பல்கள். கனவு செத்துவிட்டது என்று முடிவு கட்டிய செவ்வாய் அதிகாரிகள் விற்ற சரக்கு. மீதிக் கடற்படையில் ஒரு பங்கை அள்ளிக்கொண்டு செவ்வாய்க் கடற்படை அதிகாரி டுவார்டே, கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் லகோனியாவுக்குப் போய்விடுகிறார். புதுக் கனவு ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போன செவ்வாய்க்காரர் அவர். ஆறாவது சீசனில் மொத்தமே ஆறு எபிசோட், அதில் லகோனியாவுக்குக் கிடைத்தது சில நிமிடத் துண்டுகள். தொடருக்கு மூலமான ஒன்பது நாவல்களில் ஆறோடு தொடர் நின்றுவிட்டதால், செவ்வாயில் கிளம்பிய கதைக்குத் திரையில் முடிவே இல்லை. யாராவது மீதி மூணையும் எடுத்தால் முதல் ஆளாகப் பார்ப்பேன்.

நாலாவது சீசனைத் தாண்டிப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். அஞ்சாவது சீசனில் உட்கார்ந்துகொண்டு, இந்த மார்கோவுக்கு இத்தனை போர்க்கப்பல் எங்கிருந்து வந்தது, லாஜிக்கே இல்லையே என்று இங்கே வந்து பதிவு போடாமல் இருந்தால் சரி.