லேத்தில் கடைய முடியாததைப் பார்த்து வாங்குங்க

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன், எதைப் பார்த்து வாங்கணும் என்று நம் வண்டிப் பிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். இன்ஜின் பிரிக்காத வண்டியாப் பாருங்க, ஸ்டாண்டர்டு பிஸ்டனான்னு கேளுங்க, கிராங்க் ஜப்பானான்னு பாருங்க, சைலன்சர் கம்பெனியோடதான்னு பாருங்க. எல்லாம் சரிதான். ஆனால் கோயமுத்தூரிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் உட்கார்ந்துகொண்டு பழைய வண்டி தேடுகிறவனுக்கு வண்டியின் பேப்பர்தான் முதல் கவலையாகவும் இன்ஜின்தான் கடைசிக் கவலையாகவும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள்.

இந்த ஊரில் லேத்துக்குப் பஞ்சமா? மோட்டார் பம்புக்கும் மில் மிஷினுக்கும் பாகம் கடைந்து கடைந்தே பெரிதான ஊர் இது. கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் போரிங் போடவும் கிராங்க் பிரஸ் பண்ணவும் ஆள் இருக்கிறது. ஆர்எக்ஸ் 100-க்கு போர், அதாவது சிலிண்டரின் உள் விட்டம், 50 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்குகிற ஸ்ட்ரோக்கும் 50, மொத்தம் 98 சிசி. தேய்ந்தால் 0.25, 0.50 மி.மீ. என்று ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக்கொண்டே போகலாம், அதுவும் தீர்ந்தால் சிலிண்டருக்குள் புது ஸ்லீவ் அடித்து மறுபடி ஸ்டாண்டர்டுக்கே வந்துவிடலாம். கனெக்டிங் ராடு ஆடினால் கிராங்கைப் பிரித்து, ராடு கிட் மாற்றி, கோணல் இல்லாமல் ட்ரூ பார்த்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஜி.டி.நாயுடு சின்ன வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோயமுத்தூரில் ஓட்டல் வேலை செய்து காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கிப் பிரித்து மாட்டிய கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்கி முதல் வேலையாக அதைப் பிரித்துப் போடுகிற வியாதி நமக்கு அங்கிருந்துதான் வந்திருக்கும்.

பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிற என் மாமன் மகன் போன வருடம் ஒரு ஆர்எக்ஸ் பார்த்து வைத்திருந்தான். இன்ஜின் சத்தத்தை வீடியோ எடுத்துப் போகிற இடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான். எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் கூட்டிப்போனபோது அவர் வீடியோவை முழுசாகக்கூடப் பார்க்கவில்லை. "ஏனுங்க தம்பி, இன்ஜின் கெடக்குதுங்க, அதைய நாம பண்ணிக்கலாம். ஆர்சி புக்கு யாரு பேர்ல இருக்குதுன்னு கேட்டீங்ளா?" என்றார். கேட்கவில்லை. கேட்டபோது விற்கிறவரின் தாத்தா பேரில் இருந்தது. தாத்தா காலமாகிப் பல வருடமாகிவிட்டது.

தோட்டத்துச் சாளையில் தார்ப்பாய் போட்டு மூடி, மேலே கோழி அடைகாத்துக்கொண்டிருக்கிற வண்டிகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். வண்டி அருமையாக இருக்கும், ஒரே ஓனர், அடிபடாத டேங்க், கம்பெனி ஸ்டிக்கர்கூட இருக்கும். ஆனால் அந்த ஒரே ஓனர் போட்டோவில் மாலையோடு இருப்பார். முதலில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மற்ற வாரிசுகள் ஒப்புக்கொண்டு, பாரம் 31-ல் வாரிசு பேருக்கு மாற்றி, அப்புறம்தான் பாரம் 29, 30 போட்டு உங்கள் பேருக்கு வரும். இதில் ஒரு அத்தை கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்னால் முடிந்தது. காட்டுப் பாகப்பிரிவினைச் சண்டை ஓடிக்கொண்டிருக்கிற வீட்டில் வண்டி வாங்கப் போகாதீர்கள், எவ்வளவு விலை மலிவாக இருந்தாலும் சரி.

அடுத்தது எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்று சோதித்துப் பதிவைப் புதுப்பிக்கிற வேலை. ஆர்எக்ஸ் 100 இங்கே 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோனது. கடைசியாக வந்த வண்டிக்கே முப்பது வயதை ஒட்டிவிட்டது. பதிவு 15 வருடம், அதற்கப்புறம் ஐந்தைந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 300 ரூபாயாக இருந்து 2022 ஏப்ரலில் 1000 ஆனது, 2025 ஆகஸ்டில் வந்த மாற்றத்தில் 20 வருடம் தாண்டிய பைக்குக்கு 2000. இது பெரிய காசே இல்லை. தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் 300 ரூபாய் என்று அதே 2022-ல் கூடவே ஒன்று வந்து சேர்ந்தது பாருங்கள், அதுதான் ஆளை முழுங்குவது, வருடத்துக்கு 3600 ஆகிறது. எந்தத் தேதியிலிருந்து கணக்குப் போடுவார்கள் என்பதை ஆர்டிஓ ஆபீசில் நேரில் கேட்டு, பசுமை வரியையும் சேர்த்து மொத்தத் தொகை தெரிந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். "எஃப்சி எடுத்துக்கலாங்க, சும்மா ரெண்டாயிரம் ரூவா செலவுதாங்க" என்று சொல்கிற, பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங்காரரிடம், நீங்களே எடுத்துக் கொடுங்க, அந்த ரெண்டாயிரத்தைச் சேர்த்துக் கொடுத்துடறேன் என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு மாறிவிடும்.

இன்னொன்று நம் பக்கத்துக்கே உரிய தலைவலி. பைனான்ஸ் கம்பெனிகள் வளர்ந்த மண் இது. 90-களில் பைனான்ஸ் போட்டு வாங்கிய வண்டி, கடன் அப்போதே முடிந்திருக்கும், புக்கில் மட்டும் அந்த அடமானக் குறிப்பு அப்படியே நிற்கும். பாரம் 35-ல் பைனான்ஸ்காரர் கையெழுத்து வேண்டும், பைனான்ஸோ எப்போதோ மூடிவிட்டது. ஆர்சியில் அந்த ஒரு வரியைக் கவனிக்காமல் பணம் கொடுத்துவிட்டு, பழைய பங்குதாரர் வீட்டைத் தேடி அலைகிறவர்களை எனக்குத் தெரியும். அப்புறம், புக் கையில் இருக்கும், ஆனால் நம்பரை ஆன்லைனில் போட்டால் ஒன்றும் வராது. கையால் எழுதிய காலத்துப் பதிவு கணினியில் ஏறாமல் விட்டுப்போயிருக்கும். ஆபீஸ் பிரிந்த ஊர்களில் பழைய பதிவேடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே தனி வேலை. வெளி மாநில வண்டியாக இருந்தால் அந்த ஊர் ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று, என்ஓசி, இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

அடுத்தது சேஸ் நம்பர், வண்டிச் சட்டத்தில் வெட்டியிருக்கிற நம்பர். ஹேண்டில் கழுத்தில் இருக்கும் நம்பரை விரல் வைத்துத் தடவிப் பாருங்கள், பெயிண்ட் கனமாக இருந்தால் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள், பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுங்கள், புக்கோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஆர்எக்ஸ் 100-க்கு நம்பர் 1எல்1 என்று ஆரம்பிக்கும். இன்ஜின் நம்பரும் அப்படித்தான். புக் ஒன்று, வண்டி ஒன்று, இன்ஜின் ஒன்று என்று மூன்று வண்டியை ஒரு வண்டியாக்கி விற்கிற வேலை நன்றாகவே நடக்கிறது. இதை எந்த லேத்திலும் சரிசெய்ய முடியாது. சரிசெய்தால் அதற்குப் பேர் வேறு.

இப்போது பளபளப்பு வண்டிகளுக்கு வருகிறேன், இங்கேதான் நம் ஆட்களோடு எனக்கு நிஜமான மனத்தாங்கல். புதுப் பெயிண்ட், புது குரோம், புது சீட், ரீஸ்டோர் பண்ணினது என்று ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்கிறார்கள், நாமும் போட்டோவுக்குக் கீழே நெருப்புப் படம் போட்டு விலையை ஏற்றிவிடுகிறோம். பெயிண்ட் என்பது கல்யாண மேக்கப் மாதிரி, அடியில் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத் தெரியாது. முன்னால் அடிபட்டு வளைந்த சேஸ், பட்டி வைத்து நிரப்பிய டேங்க், உள்ளே துரு. என்னைக் கேட்டால் அழுக்காக, நிறம் மங்கி, ஆனால் கம்பெனியில் வந்தபடி இருக்கிற வண்டியை வாங்குங்கள் என்பேன். டேங்க் மூடியைத் திறந்து செல்போன் டார்ச் அடித்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். காலி ரோட்டில் மெதுவாக விட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதும் தெரியும்.

ஆலோசனை சொல்கிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாதிப் பேர் நல்லவர்கள், ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு உங்களோடு தாராபுரம் வரை வந்து வண்டி பார்ப்பார்கள். மீதிப் பேரிடம் விற்க ஒரு வண்டி இருக்கும், அல்லது சிநேகிதனிடம் இருக்கும். நீங்கள் கேட்ட வண்டியில் குறை சொல்லிவிட்டு, "நம்மகிட்ட ஒண்ணு இருக்குதுங்ணா" என்று வந்தால் தெரிந்துகொள்ளுங்கள். அது தப்பில்லை, வியாபாரம். ஆனால் அது ஆலோசனை இல்லை. என் அனுபவத்தில் வாங்காதே என்று ஒருமுறையாவது சொன்னவரின் பேச்சைத்தான் மற்ற சமயங்களிலும் நம்பலாம்.

எந்த வண்டி என்று கேட்கிறவர்களுக்கும் இதே அளவுகோல்தான். பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டுக்குப் பாகம் எங்கும் கிடைக்கும், வலது காலில் கியர் பழகிக்கொண்டால் போதும், ஆயில் ஒழுகுகிறதே என்று பயப்பட வேண்டாம். யெஸ்டிக்கு மைசூர் கம்பெனி 1996-லேயே மூடியாகிவிட்டது, ஆனாலும் அதைக் கைவிடாத மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கிக்கரும் கியரும் ஒரே லீவர் என்பதைப் பார்த்துச் சிரித்த சின்னப் பையன்கள் ரெட்டைச் சைலன்சர் சத்தத்தில் அடங்கிவிடுவார்கள். ராஜ்தூத் 350 மட்டும் முதல் வண்டியாக வேண்டாம். ரெட்டை சிலிண்டர், எண்பதுகளோடு நின்றுபோன வண்டி, சரியான பாகத்துக்குத் தவம் கிடக்க வேண்டும், கிடைத்தாலும் விலை உங்களை அழவைக்கும்.

இன்ஜினைப் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரும்வரை ஸ்டார்ட் பண்ணாமல் வைக்கச் சொல்லுங்கள், போனதும் சிலிண்டர் மேல் கை வையுங்கள், சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஆர்எக்ஸ் மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆரம்பத்தில் புகை வருவது சகஜம், ஓடிச் சூடான பிறகும் வெள்ளையாகக் கக்கினால், கியர் ஆயிலும் குறைந்துகொண்டே போனால், கிராங்க் சீல் போயிருக்கலாம். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் ஐடிலுக்கு இறங்க மறுத்தால் எங்கோ காற்று இழுக்கிறது. ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டியிருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் ஓஸும் கார்புரேட்டர் வாஷர்களும் அதற்காகச் செய்ததில்லை, வாங்கியதும் அவற்றை மாற்றிவிடுங்கள், வண்டியை மாதக்கணக்கில் டேங்க் பெட்ரோலோடு நிறுத்தாதீர்கள்.

விலைக்கு வந்தால், எஃப்சி பாக்கி, வரி, பேர் மாற்றம், டயர், இன்ஜின் வேலை எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் எழுதி, விற்கிறவர் எதிரிலேயே கூட்டிக் காட்டுங்கள். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் உட்கார்ந்து பேசுவார், டீகூடச் சொல்வார். "பொள்ளாச்சியில இருந்து ஒரு பார்ட்டி சாயந்திரம் காசோட வர்றாங்க" என்று ஆரம்பித்தால் அந்தப் பார்ட்டிக்கே கொடுத்துவிடச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். மாமன் மகன் இன்னும் வாரிசுச் சான்றிதழுக்காகக் காத்திருக்கிறான், அட்வான்ஸ் மட்டும் கொடுக்கவில்லை.