நாலு பேரு, ஒரே கோர்ட்டு, புருவத்துல மூணு தையல்

போன சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு கிளப்ல டபுள்ஸ் ஸ்குவாஷ் (நாலு சுவத்துக்குள்ள நின்னு, முன் சுவத்துல பந்த அடிச்சு, ரெண்டு ரெண்டு பேரா ஆடறது) ஆடிட்டு இருக்கும்போது என் பார்ட்னர் அங்கிளோட ராக்கெட் என் வலது புருவத்துலயே பட்டு மூணு தையல். மெம்பர்களோட ஆடிக்குடுக்க கிளப் வெச்சிருக்கற மார்க்கர் தம்பி பதறிப்போய் ஐஸ் எடுத்துட்டு ஓடி வர்றாரு, அங்கிள் என்னடான்னா "இதுக்கு லெட் உண்டா?"ன்னு கேட்டுட்டு நிக்கறாரு, அதாவது அந்த பாயின்ட்ட திரும்ப ஆடலாமான்னு. தப்பு என்னோடதுதான். டபுள்ஸுக்கு கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி கட்டாயம்னு இன்டர்நேஷனல் போட்டிகள்ல ரூலே இருக்கு, என்னோடது பத்திரமா பைக்குள்ள இருந்துச்சு.

ஆனா முழுசா என் தப்பும் இல்லங்க. நாங்க ஆடறது சிங்கிள்ஸ் கோர்ட்டு. 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம். டபுள்ஸ் கோர்ட்டுக்கு நீளம் அதேதான், அகலம் 7.62 மீட்டராவது வேணும். அந்த ஒண்ணேகால் மீட்டர் இல்லாம நாலு ஆம்பளைங்க ராக்கெட் வீசறது தீபாவளி நேரத்துல ரங்கநாதன் தெருவுல குடை விரிக்கற மாதிரி.

எனக்கு கடுப்பாகறது என்னன்னா இது சென்னை. இந்த ஊர் ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்ல தங்கம் வாங்கினாங்களே, காமன்வெல்த் ஸ்குவாஷ்ல இந்தியாவோட முதல் மெடலே அதுதான், அது டபுள்ஸ். 2023 ஹாங்சோ ஏசியன் கேம்ஸ்ல தீபிகாவும் ஹரிந்தர் பால் சிங் சந்துவும் ஃபைனல்ல மலேசியாவ ரெண்டு கேமும் 11-10னு முடிச்சாங்க, அதுவும் டபுள்ஸ். 10-10 ஆனா அடுத்த பாயின்ட் எடுத்தவங்களுக்கு கேம், ரெண்டு பாயின்ட் வித்தியாசம் எல்லாம் கிடையாது, அன்னிக்கு டிவிய பார்க்க முடியாம எழுந்து பால்கனிக்கு போய்ட்டேன். 2025 ஜூன்ல கோலாலம்பூர்ல ஏசியன் டபுள்ஸ், ஆண்கள் பெண்கள் மிக்ஸட் மூணும் நமக்கு. ஆண்கள்ல அபய் சிங், வேலவன் செந்தில்குமார், ரெண்டும் நம்ம பசங்க.

இவ்வளவு மெடல் வந்தும், நான் பேர் குடுத்த லோக்கல் டோர்னமென்ட் ஒண்ணுலகூட டபுள்ஸ் டிரா பார்த்ததில்ல. அண்டர் 11ல இருந்து வெட்டரன்ஸ் வரைக்கும் எல்லாமே சிங்கிள்ஸ். கேட்டா "கோர்ட்டு இல்ல சார்"ம்பாங்க. கோர்ட்டு ஏன் இல்லன்னு கேட்டா "ஆள் இல்ல சார்". முட்டையா கோழியா கதைதான்.

பேரன்ட்ஸையும் குறை சொல்ல முடியாது. ரேங்கிங், ஸ்போர்ட்ஸ் கோட்டா, அமெரிக்க காலேஜ் அட்மிஷன்னு அவங்க கணக்கு எல்லாம் சிங்கிள்ஸ்லதான் இருக்கு, இப்ப 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்ல ஸ்குவாஷ் வருது, அங்கயும் சிங்கிள்ஸ் மட்டும்தான். இனிமே டபுள்ஸ யாரு சீண்டுவா?

எங்கள மாதிரி நாப்பதுக்கு மேல முட்டி போனவங்களுக்கு இதவிட நல்ல ஆட்டம் கிடையாதுங்க. கோர்ட்டு முழுக்க ஓட வேணாம், லெஃப்ட் வால் ஒருத்தர் ரைட் வால் ஒருத்தர். டேபிள் டென்னிஸ் மாதிரி மாத்தி மாத்தி அடிக்கணும்னும் இல்ல, எட்டினவர் அடிக்கலாம், அதனாலயே நடுவுல வர்ற பந்து யாருதுன்னு வாரா வாரம் பஞ்சாயத்து. எங்க அங்கிளுக்கு அறுபத்தி மூணு வயசு, நின்ன இடத்துல இருந்தே பந்த முன் சுவத்து அடில இருக்கற தகரத்துக்கு (அதுல பட்டா பாயின்ட் போச்சு) ரெண்டு விரக்கட மேல மெதுவா ஒரு டிராப் வெப்பாரு பாருங்க, இருபது வயசுப் பையன் தலைகீழா விழுந்தாலும் எடுக்க முடியாது. தீபிகா மூணு வருஷத்துக்கு மேல கேப் விட்டு, இரட்டைக் குழந்தை பெத்து, திரும்பி வந்து 2022ல ஒரே உலகப் போட்டியில ரெண்டு டபுள்ஸ் பட்டம் அடிச்சாங்க. ஜோஷ்னா 38 வயசுல, 17 வயசு அனாஹத் சிங்கோட சேர்ந்து அந்த கோலாலம்பூர் பட்டத்த ஜெயிச்சாங்க. சிங்கிள்ஸ்ல இந்த ரெண்டு வயசும் ஒரே டீம்ல நிக்க வழியே இல்ல.

கோர்ட்டு கட்டுங்கன்னு எந்த கிளப்பையும் கேக்கல, சென்னைல நிலம் விக்கற விலைக்கு அது நடக்காது. புதுசா கட்டறவங்க பக்கச் சுவர நகர்த்தற மாதிரி கட்டலாம், அப்படி கோர்ட்டு இருக்கறதுதான். அதுவும் வேணாம், வருஷத்துக்கு ஒரு தடவ இருக்கற கோர்ட்டுலயே ஒரு வெட்டரன்ஸ் டபுள்ஸ் வைங்க, கண்ணாடி போடலன்னா உள்ள விடாதீங்க, மார்க்கர் பசங்களையும் ஆளுக்கு ஒருத்தரா பார்ட்னரா சேர்த்து விடுங்க. மெம்பர் இல்லன்னு எங்க கிளப் போட்டியில ஆட விடாத அந்தப் பசங்கதான் அங்க இருக்கறதுலயே நல்லா ஆடறவங்க.

தையல் வியாழக்கிழமை பிரிக்கறாங்க. சனிக்கிழமை அங்கிள் வர்றாரு, நான் வர்றேன், மூணாவது ஆளும் ரெடி. ரைட் வால் காலியா இருக்கு, யாராச்சும் வர்றீங்களா?