அம்மாவின் கை மறக்காத தாழ்ப்பாள்
பெற்றோரை விட்டுவிட்டுத் தனியாகப் போனால்தான் அவர்கள் பிறந்த நாட்டை நம் கண்ணால் பார்க்க முடியும் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. முதல் தடவை நான் தனியாகத்தான் போனேன். வீட்டில் கற்ற மொழியில் வழி கேட்டால், பாட்டி பேசுகிற மாதிரி இருக்கிறது என்றாள் ஒரு சிறுமி. குடிபெயர்ந்தவர்களின் பேச்சு பெரும்பாலும் கிளம்பிய காலத்திலேயே நின்றுவிடுகிறது, பிறந்த நாட்டிலோ அதே மொழி மாறிக்கொண்டே போகிறது. அப்புறம் அம்மாவோடு போனேன். முன்பு நான் கவனிக்காமல் கடந்துபோன ஒரு துருப்பிடித்த இரும்புக் கதவு. அம்மா அதன் தாழ்ப்பாளைக் குனிந்துகூடப் பார்க்காமல், மேலே தூக்கி இடப்பக்கம் தள்ளித் திறந்தார். 40 வருடம் கழித்தும் கைக்கு நினைவிருக்கிறது! தனியாக மட்டுமே போயிருந்தால் இது எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? தங்கள் பெற்றோரால் பயணம் செய்ய முடியாது என்று சொல்பவர்களுக்கு: வீடியோ அழைப்பில் தெருவைக் காட்டிக்கொண்டே நடங்கள், எங்கே நிற்க வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.