ஆறு ஏர்பேக்குக்குக் காசு வாங்கிட்டு, அது மேலேயே சீட் கவரைத் தைச்சுக் கொடுக்கிறாங்க

முன் சீட்டில் கதவை ஒட்டிய ஓரத்தில் ஒரு சின்னத் துணிப் பட்டி இருக்கும். 'ஏர்பேக்' என்று அதில் எழுதியிருக்கும். பக்கவாட்டில் இன்னொரு வண்டி வந்து மோதினால், அந்த இடத்துத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் பை வெளியே வந்து விலாவுக்கும் கதவுக்கும் நடுவில் நிற்கும். புது வண்டியை டெலிவரி எடுத்த அன்று, என் மனைவி உட்காரப்போகும் சீட்டில் அந்தப் பட்டியைத் தேடினேன். காணோம். மேலே பழுப்பு நிறத்தில் தடிமனான ரெக்சின் கவர். நாலு பக்கமும் இழுத்து, அடியில் கொக்கி மாட்டி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இறுக்கியிருந்தார்கள். கட்டைவிரலை வைத்து அழுத்தினால் உள்ளே அந்தப் பட்டி நெருடுகிறது. ஏர்பேக் வெளியே வரவேண்டிய இடத்தில் கவருக்கு ஒரு கிழிசல் இல்லை, இளந்தையல் இல்லை. ஒரே துண்டாக மூடிக் கிடக்கிறது.

விற்பனைப் பையனைக் கூப்பிட்டேன். "தம்பி, இதுக்குள்ளதான ஏர்பேக் இருக்கு?"

"ஆமா சார், உங்களுது சிக்ஸ் ஏர்பேக் வண்டி."

"இப்படி மூடிவச்சா எப்படிப்பா வெளிய வரும்?"

"எல்லாருமே இதான் சார் போடுறாங்க. இதுவரைக்கும் யாரும் கம்ப்ளைண்ட் பண்ணதில்ல."

எனக்கு அந்த இடத்திலேயே உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஏன் என்று புரிய, நான் அந்த ஆறு ஏர்பேக்குக்காக என்ன பாடுபட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

நான் மதுரையில் இருக்கிறவன். வீட்டில் ஐந்து பேர். நான், மனைவி, ரெண்டு பிள்ளைகள், முட்டிவலியோடு அப்பா. மாதத்துக்கு ரெண்டு தடவையாவது திருச்சி போய் வரவேண்டும். பழைய வண்டி பதினோரு வருஷம் ஓடிக் களைத்துவிட்டது. புதுசில் நான் கேட்டது நாலே நாலுதான். ஆறு ஏர்பேக். பின் கண்ணாடிக்கு வைப்பர். பின் சீட்டுக்கு ஏசி காற்று வரும் வழி. அப்பா கழுத்தைச் சாய்க்க, ஏற்றி இறக்கும் ஹெட்ரெஸ்ட். இதில் எதாவது ஆடம்பரமா? குடும்பத்தோடு போகிற வண்டிக்கு வேறென்ன வேண்டும்?

பின் வைப்பரை எதற்கு இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறேன் என்று மச்சான்கூடக் கேட்டான். பின்பக்கம் செங்குத்தாக வெட்டினாற்போல முடிகிற வண்டிகளில், ஓடும்போது பின்னால் காற்று சுழன்று, டயர் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீரைத் தூக்கிக் கண்ணாடியிலேயே அப்பும். டிக்கி நீட்டிக்கொண்டிருக்கும் செடான் வண்டியில் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. போன ஐப்பசியில் துவரங்குறிச்சி தாண்டி, ராத்திரி மழையில், பழைய வண்டியில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் லாரி வருகிறதா, பஸ் வருகிறதா, எவ்வளவு தூரத்தில் வருகிறது, ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி முழுக்க மஞ்சளாக ஒரு வெளிச்சம் மட்டும் பரவி நிற்கிறது. லேன் மாற ஒவ்வொரு தடவையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திருப்பினேன். அந்த ராத்திரிதான் முடிவு செய்தேன், அடுத்த வண்டியில் பின் வைப்பர் இல்லாமல் வாங்குவதில்லை என்று.

ஷோரூமில் நடு வேரியன்ட்டின் விலை 9,78,000. அதில் ரெண்டு ஏர்பேக். 2022 ஜனவரி முதல் எல்லாக் காரிலும் ரெண்டு இருந்தே ஆகவேண்டும் என்ற சட்டம் இருப்பதால் அந்த ரெண்டு. ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கப் போவதாக ஒன்றிய அரசு சொன்னது. 2022 அக்டோபர் என்றார்கள், 2023 அக்டோபருக்குத் தள்ளினார்கள், அப்புறம் கட்டாயம் இல்லை என்று கைவிட்டார்கள். ஆறையும் எல்லா வேரியன்ட்டிலும் தானாகவே கொடுக்கிற கம்பெனிகள் இன்றைக்கு இருக்கின்றன, அவர்களைப் பாராட்டுகிறேன். ஆனால் அப்பா சிரமம் இல்லாமல் ஏறி இறங்குகிற உயரத்தில், எங்கள் பட்ஜெட்டில், ஊரிலேயே சர்வீஸும் இருக்கிற வண்டி எங்களுக்கு இதுதான் அமைந்தது. இதில் நடு வேரியன்ட்டில் பின் வைப்பரும் கிடையாது, பின் ஏசியும் கிடையாது, ஹெட்ரெஸ்ட் சீட்டோடு ஒட்டிய மேடு.

"வைப்பரை மட்டும் தனியா போட்டுத் தாங்க, எவ்வளவானாலும் தர்றேன்" என்றேன்.

"அது கம்பெனி ஃபிட்டிங் சார். டாப்ல மட்டும்தான் வரும். டாப்ல உங்களுக்கு சன்ரூஃபும் வரும் சார், பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

சன்ரூஃப்! சித்திரை வெயிலில் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வந்து கதவைத் திறந்தால் அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடிக்கிற ஊரில், தலைக்கு மேல் ஒரு கண்ணாடி எனக்கு எதற்கு? அது வந்தால் கூரையும் உள்ளே கொஞ்சம் இறங்குகிறது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்கிறாரே, எதற்குப் பிடிக்கும்? ஓடுகிற வண்டியில் தலையை வெளியே நீட்டி நிற்கத்தான். ரிங் ரோட்டில் சாயங்காலம் போய்ப் பாருங்கள், எத்தனை பிள்ளைகள் அப்படி நிற்கின்றன என்று. டிரைவர் ஒரு தடவை பிரேக்கை அழுத்தினால் அந்தப் பிள்ளை கதி என்ன? எனக்கு வேண்டாத அந்த ஒன்றை வாங்கினால்தான், என் அப்பாவின் கழுத்துக்கும் என் பிள்ளைகளின் தலைக்கும் பாதுகாப்பு தருவேன் என்கிறார்கள். இந்தக் கட்டுமானத்தை உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். ஏமாளி என்று நினைத்து எதையும் செய்யவில்லை. பிள்ளை பெற்றவன் எதை விட்டுக்கொடுக்க மாட்டான் என்று தெரிந்தே அதை மேல் படியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

மேல் வேரியன்ட் 10,56,000. வித்தியாசம் 78,000தானே என்று தோன்றும். அங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய சாலை வரிப்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டும் இல்லை, மொத்த விலைக்கும். நடு வேரியன்ட்டுக்கு வரி 1,27,140. மேல் வேரியன்ட்டுக்கு 1,90,080. ஆக 78,000 ரூபாய்ச் சாமானுக்காக 62,940 ரூபாய் கூடுதல் வரி கட்டினேன். ரெண்டும் சேர்ந்து 1,40,940. இது போக டிசிஎஸ் என்று ஒரு சதவீதம், விற்கிறவரே நம்மிடம் வசூலித்து வருமான வரித்துறைக்குக் கட்டுவது. அது வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும் என்பது நிஜம், ஆனால் வண்டி எடுக்கிற அன்று என் கையிலிருந்துதான் போகவேண்டும். 2025 செப்டம்பர் 22-ல் சின்ன வண்டிகளுக்கு ஜிஎஸ்டியை 18 சதவீதமாகக் குறைத்தபோது வீட்டில் எல்லாரும் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! அந்தச் சந்தோஷத்தை இந்த ஒரு படி அப்படியே விழுங்கிவிட்டது.

சரி, உயிருக்கு முன்னால் காசு பெரிசில்லை என்று மனைவியின் நகையில் கொஞ்சத்தை வைத்துப் பணத்தைப் புரட்டினேன். "அஞ்சு பேரும் பத்திரமா போய்வரணும்ல, வைங்க" என்று அவளேதான் கழற்றிக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் கொட்டேஷன் தாளில் வந்து நின்றது 'எசென்ஷியல் கிட்'. 24,900 ரூபாய். மேட், மட் ஃபிளாப், கதவு வைசர், பாடி கவர், ஸ்டியரிங் கவர், சென்ட் பாட்டில், சீட் கவர், பம்பர் கார்டு. வேண்டாம் என்றேன். "கிட் இல்லாத வண்டி அடுத்த மாசம்தான் சார் வரும்" என்று பதில். யார்டில் என் நிற வண்டி நிற்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்! அப்பாவின் ஆபரேஷன் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, மேற்கொண்டு சண்டை போட எனக்குத் தெம்பில்லை, கையெழுத்துப் போட்டேன். அதற்காக என்மேலேயே எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அந்தப் பம்பர் கார்டை அவர்கள் விற்கவே கூடாது. முன்னால் இரும்புக் குழாயை மாட்டினால், மோதலில் மடங்கி அடியை வாங்கிக்கொள்ளவேண்டிய பகுதி சரியாக மடங்காது, ஏர்பேக் விரிய வேண்டிய நேரமும் தப்பிப் போகலாம், குறுக்கே வருகிற ஆளுக்கும் அடி கொடூரமாக விழும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்கு விரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று 2017 டிசம்பரிலேயே சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ரோட்டில் போலீஸ் பிடித்தால் அபராதம் நான்தான் கட்டவேண்டும். அதை எனக்கு விற்றவன் பில் போட்டு, ஜிஎஸ்டியும் வாங்கிக்கொண்டு, சாக்லேட் டப்பா கொடுத்து அனுப்புகிறான்.

அடிப்பாகத்துக்குத் துரு கோட்டிங் 5,500. பாடியைத் துரு பிடிக்காத பூச்சில் முக்கி எடுத்துத்தான் தொழிற்சாலையிலிருந்தே அனுப்புகிறார்கள். இங்கே அவசரத்தில் அடிக்கிறவன் கதவுக்கடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிட்டால், உள்ளே தண்ணீர் நின்று அங்கிருந்துதான் துருவே ஆரம்பிக்கும். பெயின்ட் பளபளப்புக்கு டெஃப்லான் பூச்சு 6,500. ஹேண்ட்லிங் 7,500, அது எதற்கென்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

இன்சூரன்ஸ் கதையும் இதேதான். மூன்று வருஷத்துக்குக் கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு அரசு நிர்ணயித்த தொகை, எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். நம் வண்டிச் சேதத்துக்கான பகுதியிலும், ஆட்-ஆன் என்கிற கூடுதல் காப்பீட்டிலும்தான் விளையாட்டு. ஷோரூம் சொன்னது 54,000. அதே மதிப்புக்கு, அதே ஆட்-ஆன்களோடு நான் வெளியே வாங்கிய கொட்டேஷன் 37,500. "வெளிய எடுத்தா கேஷ்லெஸ் வராது சார்" என்று கூசாமல் சொல்கிறார்கள். கேஷ்லெஸ், அதாவது ரிப்பேர் பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டுவது, வருமா வராதா என்பது அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் பட்டியலில் அந்த ஒர்க்‌ஷாப் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, பாலிசியை யார் விற்றார் என்பதைப் பொறுத்தது இல்லை. பட்டியலை போனில் எடுத்து அந்த மேஜையிலேயே காட்டினேன், அவர்கள் ஒர்க்‌ஷாப் பெயரே அதில் இருந்தது. இந்த ஒன்றில் மட்டும் நான் ஜெயித்தேன்.

இப்போது சீட் கவருக்கு வருகிறேன். நகையை வைத்து, வரிப்படி தாண்டி, வேண்டாத சன்ரூஃபுக்கும் சேர்த்துக் கொட்டிக்கொடுத்து வாங்கிய ஆறு ஏர்பேக்கில் ரெண்டின்மேல், 11,500 ரூபாய் விலை போட்ட ரெக்சினை இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். சைடு ஏர்பேக் உள்ள சீட்டுக்குக் கவர் போடாதீர்கள் என்று வண்டியோடு கொடுக்கிற கையேட்டிலேயே அச்சடித்திருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்து மேனேஜர் முன்னால் வைத்தேன். அவர் படிக்கவே இல்லை. "கஸ்டமர்ஸ் கேக்குறாங்க சார், லைட் கலர் சீட் அழுக்காயிடும்ல" என்றார். நான் எப்போது கேட்டேன்? என் மனைவியின் விலா எலும்பைவிடச் சீட்டின் நிறம் முக்கியம் என்று எந்தக் கஸ்டமர் சொன்னார்?

அங்கேயே, மாலை போட்ட வண்டிக்குப் பக்கத்திலேயே, ரெண்டு முன் சீட் கவரையும் கழற்ற வைத்தேன். சாவிக்கொத்து அட்டையோடு போட்டோ எடுக்க நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். மனைவி, "விடுங்க, நல்ல நாளும் அதுவுமா" என்றாள். அப்பாதான், "அவன் சொல்றது சரிதாம்மா, கழட்டட்டும்" என்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கொக்கிகளைக் கழற்ற முக்கால் மணி நேரம் ஆனது. பம்பர் கார்டையும் கழற்றச் சொன்னேன். அந்தச் சின்னத் துணிப் பட்டி வெளியே தெரிந்த பிறகுதான் மனைவியை அந்தச் சீட்டில் ஏற விட்டேன்.

நாளைக்கு புக் பண்ணப் போகிறவர்கள், கிட் என்று மொத்தமாகப் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனி விலை எழுதி, சீல் வைத்து வாங்குங்கள், அதற்கப்புறம் முன்பணம் கட்டுங்கள். 9 லட்சத்துச் சொச்சத்தில் இருக்கும் வண்டிக்கு மேல் வேரியன்ட் போகிறீர்கள் என்றால் வரியோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஏற்கெனவே வண்டி வாங்கிவிட்டவர்கள், இதைப் படித்த கையோடு கீழே இறங்கிப் போய் உங்கள் முன் சீட்டின் ஓரத்தை ஒரு தடவை தடவிப் பாருங்கள்.

கழற்றிய கவருக்கும் பம்பர் கார்டுக்கும் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். மூன்று வாரம் ஆகிறது. திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன், இந்தத் தடவை அப்பாவும் வருகிறார்.